பிள்ளையை எம்டன் என்று ஏசலாமா?



கொட்டாஞ்சேனையில் நான் நடத்தும் மாலை நேர ஓதல் வகுப்புக்கு ஒரு மூதாட்டி தன் பேரனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பையனுக்கு வயது ஒன்பது இருக்கும். "மௌலவி, இவன் சரியான எம்டன். ஊட்டுல ஒரு சாமான் மிச்சம் வெக்கிறல்ல. நீங்கதான் இவனை அடக்கோணும்" என்று முறைப்பாடு வைத்தார்.

"எம்டன் என்டா ஆரு உம்மா?" என்று கேட்டேன்.

"ஆரோ ஒரு பேய் போல. நாங்க சின்னத்துல சோறு தின்னாட்டி எங்கட உம்மா எம்டன் வாறான் என்டு பயங்காட்டுவா. வேற என்னத்தைக் கண்ட?"

அந்த மூதாட்டியைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் வீடுகளில் எத்தனையோ தாய்மார் இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். சிங்களத் தாய்மாரும் இதே பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமும் குறும்பும் கலந்தவனைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எம்டன் என்பார்கள். பட்டப் பெயர் சூட்டி ஒருவரையொருவர் அழைப்பதை சூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான் என்பது நாம் எல்லோரும் ஓதியதுதான். ஆனால் இது எங்கிருந்து வந்த பட்டம், இதற்குப் பின்னால் இருந்த மனிதன் யார் என்று ஒரு நாளாவது விசாரித்திருக்கிறோமா? அன்று அந்தப் பையனுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எம்டன் பேயுமல்ல, மனிதனுமல்ல. அது ஒரு ஜேர்மன் யுத்தக் கப்பல். வடஜேர்மனியில் உள்ள ஒரு துறைமுகப் பட்டினத்தின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். 1914 ஓகஸ்ட்டில் முதலாவது உலக யுத்தம் தொடங்கியபோது அது சீனக் கரையோரத்தில் இருந்த ஜேர்மன் கடற்படைப் பிரிவைச் சேர்ந்திருந்தது. அதன் கப்டன் கார்ல் வொன் முல்லர். 1873இல் பிறந்தவர், அப்போது நாற்பத்தொரு வயது. அதிகம் பேசாதவர்.

ஜேர்மன் கப்பல் பிரிவு முழுவதும் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து போக முடிவெடுத்தபோது, ஒரு கப்பல் மட்டும் தனியாக இந்து சமுத்திரத்துக்குள் போய் பிரித்தானியரின் வணிகத்தைக் கெடுக்கலாம் என்று யோசனை சொன்னவர் முல்லர்தான். போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. தங்க ஒரு துறைமுகம் கிடையாது. நிலக்கரி வேண்டுமென்றால் பிறர் கப்பலில் எடுத்தால்தான் உண்டு. இந்து சமுத்திரத்தின் கரைகளில் பெரும்பகுதி அன்று பிரித்தானியர் கையில் இருந்தது. துணைக்கு ஒரேயொரு நிலக்கரிக் கப்பலை அழைத்துக்கொண்டு அவர் புறப்பட்டார்.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அந்தப் பக்கத்தில் ஓடிய பிரித்தானியக் கப்பல்களுக்கு இரண்டோ நான்கோ இருந்தன. ஆகவே மரத்தாலும் சாக்குத் துணியாலும் நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொய்யாகச் செய்து நிறுத்தினார்கள். தூரத்தில் பார்த்தவர்கள் நம்முடைய கப்பல்தான் என்று நினைத்துக் கிட்டே வந்தார்கள். சுடுவதற்கு முன்பு தன் சொந்தக் கொடியை ஏற்றிவிட்டுத்தான் முல்லர் சுடுவார். யுத்தத்தில் சூழ்ச்சி கூடும், வாக்கு மீறுவதுதான் கூடாது என்று நம் பிக்ஹு நூல்களில் ஓதியிருக்கிறோம். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது இந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது போலும்.

செப்டம்பர் 10ஆம் திகதி வங்காள விரிகுடாவில் முதல் வேட்டை தொடங்கியது. ஒரு கப்பலைப் பிடித்தால் முதலில் அதிலுள்ள ஆட்களைத் தங்கள் சாமான்களோடு இறங்கச் சொல்வார்கள். எல்லோரும் இறங்கிய பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார்கள். 'இந்துஸ்' என்ற கப்பலைப் பிடித்தபோது எம்டன்காரருக்குப் பெரிய சந்தோஷம். அவர்களிடம் சவர்க்காரம் தட்டுப்பாடாக இருந்ததாம். அந்தக் கப்பலில் பெட்டி பெட்டியாகச் சவர்க்காரம் இருந்தது. மாதக் கடைசியில் குடும்பம் நடத்தும் நமக்கு அந்தச் சந்தோஷம் விளங்கும்.

அடுத்து 'கபிங்கா' என்ற கப்பல். அதன் கப்டனோடு மனைவியும் சிறு பிள்ளையும் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். முல்லர் அந்தக் கப்பலை மூழ்கடிக்கவில்லை. பிடிபட்ட மற்றக் கப்பல்களின் ஆட்களையும் அதில் ஏற்றிப் பத்திரமாக அனுப்பிவிட்டார். அதிலிருந்த சரக்கு அன்று நடுநிலை நாடாக இருந்த அமெரிக்காவுக்குரியது என்பதும் ஒரு காரணம். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் விடுதலையாகிப் போன கைதிகள் தங்களைப் பிடித்தவனுக்கே ஆரவாரம் செய்து விடைபெற்றார்கள் என்பது வரலாறு. எதிரியின் கைதி வாழ்த்திவிட்டுப் போகிறான் என்றால் அவனை எப்படி வைத்திருந்திருக்க வேண்டும்!

இந்த இடத்தில் பத்ருக் கைதிகளின் ஞாபகம் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் கைதிகளை நன்றாக நடத்தும்படி சொன்னதற்காக ஸஹாபாக்கள் தாங்கள் ஈச்சம்பழத்தைத் தின்றுவிட்டு ரொட்டியைக் கைதிக்குக் கொடுத்தார்கள். அந்நாளில் மதீனாவில் ரொட்டிதான் அருமையான உணவு. ஷாம் தேசத்துக்குப் படை அனுப்பும்போது அபூபக்கர் (ரலி) அவர்கள் பெண்களையும் பிள்ளைகளையும் முதியோரையும் தொடக்கூடாது, கனி தரும் மரத்தை வெட்டக்கூடாது, குடியிருக்கும் இடங்களைப் பாழாக்கக்கூடாது என்று தளபதியிடம் சொல்லி அனுப்பினார்கள். முல்லர் இவற்றை ஓதியவரல்ல. ஆனால் ஓதிய நாம் நம் பிள்ளைகளுக்கு யுத்தக் கதை சொல்லும்போது எதைச் சொல்கிறோம்? வெட்டியதையும் குத்தியதையும் சொல்கிறோம். ரொட்டி கொடுத்ததைச் சொல்கிறோமா?

ஒரு விஷயம் மனதைக் குத்துகிறது. எம்டன் தான் மூழ்கடிக்கப்போகும் கப்பலில் இருந்தவர்களுக்குச் சாமான்களை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது கொடுத்தது இரண்டு மணி நேரம். அதற்குள்ளும் கழுத்தில் கிடந்த நகையைக் கழற்றச் சொன்னார்கள். புத்தளத்திலும் கொழும்பிலும் வாழும் அந்தச் சகோதரிகளில் சிலர் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மதறாஸ். 1914 செப்டம்பர் 22ஆம் திகதி இரவு ஒன்பது மணி கழிந்திருந்தது. வெளிச்ச வீடு எரிந்துகொண்டிருந்தது, பட்டணம் முழுவதும் விளக்கு. யுத்தம் எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். எம்டன் கரைக்குக் கிட்டே வந்து தேடுவிளக்கைப் போட்டு, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தாங்கிகளை நோக்கிச் சுடத் தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள். தாங்கிகள் தீப்பிடித்து எரிந்தன. பிறகு விளக்கை அணைத்துக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டது. எல்லாம் அரைமணி நேரத்துக்குள். எண்ணெய்த் தாங்கிதான் குறி. ஆனால் குண்டுக்குக் கண் உண்டா? சில குண்டுகள் பட்டணத்துக்குள்ளும் விழுந்தன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற வணிகக் கப்பலிலும் பட்டது. ஐந்து பேரளவில் உயிரிழந்தார்கள், பலர் காயப்பட்டார்கள். மறுநாளே ஆயிரக்கணக்கான சனங்கள் மூட்டை முடிச்சோடு மதறாஸை விட்டு ஓடினார்கள். இன்றும் உயர்நீதிமன்ற மதிலில் அந்தக் குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டு இருக்கிறது. எம்டன் என்ற சொல் தமிழுக்குள் நுழைந்தது அந்த இரவில்தான்.

செண்பகராமன் பிள்ளை என்ற இந்திய விடுதலை வீரர் அந்தக் கப்பலில் வந்து மதறாஸைச் சுட்டார் என்று ஒரு கதை தமிழ்நாட்டில் பிரசித்தம். பாடசாலைப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அவர் அந்த நாட்களில் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலும் பிறகு பேர்லினிலும் இருந்தவர். எம்டனில் அவர் இருக்கவில்லை. நல்ல மனிதரைப் பற்றியதென்றாலும் பொய் பொய்தான்.

மதறாஸுக்குப் பிறகு எம்டன் நேராக நம் கரைக்கு வந்தது. வெள்ளவத்தையில் அஸருக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் காற்று வாங்கப் போகும் சகோதரிகளே, நீங்கள் பார்க்கும் அந்தக் கடலில்தான், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் விளக்குகளை அணைத்துக்கொண்டு அது காத்துக் கிடந்தது. கொழும்புத் துறைமுகத்தின் தேடுவிளக்குகள் இரவெல்லாம் கடலைத் துழாவிக்கொண்டிருந்தன. எதிரியைக் கண்டுபிடிக்கப் போட்ட அந்த வெளிச்சமே எதிரிக்கு உதவியாகிவிட்டது. கொழும்பிலிருந்து சீனி ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'டைமெரிக்' என்ற கப்பல் அந்த வெளிச்சத்தின் முன்னால் கறுப்பு உருவமாகத் தெரிய, எம்டன் அதைப் பின்தொடர்ந்து பிடித்தது. அந்த ஒரு கிழமைக்குள் நம் தீவைச் சுற்றியும் மினிக்கோய்ப் பக்கத்திலும் ஆறு கப்பல்கள் அதன் கையில் விழுந்தன. நம் நாட்டுக்கு அரிசி வந்ததே பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும்தான். கப்பல்கள் துறைமுகத்தை விட்டு அசையப் பயந்தால் குசினியில் உலை எப்படிக் கொதிக்கும்? நம் மூத்தம்மாமார் எம்டன் வாறான் என்று சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை.

அதன்பிறகு எம்டன் கொஞ்சம் ஓய்வெடுக்க டியாகோ கார்சியா என்ற தூரத்துத் தீவுக்குப் போனது. ஒக்டோபர் 9ஆம் திகதி. உலகத்தில் யுத்தம் நடக்கிறது என்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது! பல மாதங்களாகத் தபால் கப்பல் வரவில்லை. எம்டன்காரரும் வாய் திறக்கவில்லை. தீவின் பொறுப்பாளருடைய பழுதான இயந்திரப் படகைத் திருத்திக் கொடுத்தார்கள். அவர்கள் பழங்களும் மீனும் ஒரு பன்றியும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். (பன்றி அவர்கள் பாடு.) இந்தக் கதை முழுவதிலும் நான் சிரித்த இடம் இது ஒன்றுதான்.

மினிக்கோய்ப் பக்கம் திரும்பி வந்து மேலும் ஏழு கப்பல்களைப் பிடித்துவிட்டு, மலாயாவின் பினாங்குத் துறைமுகத்துக்குள் ஒக்டோபர் 28ஆம் திகதி விடியற்காலையில் நுழைந்தது. ஹிஜ்ரி 1332, துல்ஹஜ் பிறை ஏறக்குறைய எட்டு. ஹாஜிகள் மினாவுக்குப் புறப்படும் நாள். அங்கே 'செம்சுக்' என்ற ரஷ்ய யுத்தக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. அதன் கப்டன் கரையில் இரவைக் கழித்துக்கொண்டிருந்தார், காவலும் சரியாக இல்லை. எம்டன் டோர்பிடோ எறிந்து அதை இரண்டாகப் பிளந்தது. 89 ரஷ்ய மாலுமிகள் மௌத்தானார்கள். அவர்களுடைய உம்மாமாரும் மனைவிமாரும் எங்கோ பனி பெய்யும் நாட்டில் இருந்தார்கள். தலைவன் தன் அமானிதத்தை விட்டுவிட்டு உல்லாசம் தேடிப் போனதற்கு விலை கொடுத்தவர்கள் கீழே தூங்கிக்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகள். அந்தக் கப்டனைப் பின்னால் விசாரித்துத் தண்டித்தார்கள். அது வேறு கதை.

துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது எதிர்ப்பட்ட 'மூஸ்கே' என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகள் 36 பேரைத் தூக்கியெடுத்து மருந்து கட்டினார்கள். அதில் இறந்தவர்களை மரியாதையோடு கடலில் அடக்கினார்கள். இரண்டு நாளைக்குப் பிறகு ஒரு பிரித்தானியக் கப்பலை மறித்து, அதை மூழ்கடிக்காமல், காயக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஒப்படைத்தார்கள். அதிலும் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பினாங்கு வாசலில் ஆயுதமில்லாத ஒரு சிறு படகை யுத்தப் படகென்று நினைத்து எம்டன் சுட்டுவிட்டது. பிறகு வழியில் மறித்த ஒரு வணிகக் கப்பலிடம், அந்தப் படகைச் சுட்டதற்கும், செம்சுக் மாலுமிகளைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கும் தான் வருந்துவதாகச் சொல்லும்படி முல்லர் ஆளனுப்பினார். யுத்தத்தின் நடுவில், நாலாபுறமும் எதிரி தேடிக்கொண்டிருக்கும்போது, நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். சிறு பிணக்குக்காகப் பத்து வருடம் பேசாமல் இருக்கும் இரண்டு மச்சிமாரை எனக்குத் தெரியும்.

நவம்பர் 9ஆம் திகதி கதை முடிந்தது. கொக்கோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிப்பதற்காக முல்லர் தன் ஆட்கள் ஐம்பது பேரைக் கரையிறக்கினார். அவர்கள் வந்து சேருமுன்பே தந்திக்காரர்கள் அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். அவுஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பை நோக்கிப் போன பெரிய கப்பல் கூட்டம் அன்று பக்கத்தில்தான் இருந்தது. அதன் காவலுக்கு வந்த 'சிட்னி' என்ற கப்பல் விரைந்து வந்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, எம்டனின் பீரங்கிகள் சிறியவை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடந்த சண்டையில் எம்டன் சல்லடையாகிவிட, மிச்சமிருப்பவர்களின் உயிரைக் காக்க முல்லர் கப்பலைப் பவளப் பாறையில் ஏற்றினார். 130க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சிட்னியில் இறந்தவர்கள் நான்கு பேர். உடைந்த எம்டனில் காயக்காரர் குடிக்கத் தண்ணீரில்லாமல் மறுநாள் வரை கிடந்தார்கள்.

நவம்பர் 15ஆம் திகதி காயக்காரக் கைதிகளைச் சுமந்துகொண்டு சிட்னி கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்தது. படைவீரர்களை ஏற்றிய கப்பல்கள் துறைமுகத்தை நிறைத்து நின்றன. வெற்றி பெற்ற கப்பல் வருகிறதென்றால் எவ்வளவு ஆரவாரம் எழும்பியிருக்க வேண்டும்! ஆனால் ஒரு சத்தமும் எழவில்லை. ஜேர்மன் காயக்காரர் கப்பலில் கிடக்கிறார்கள், யாரும் கைதட்டி ஆரவாரம் செய்யவேண்டாம் என்று சிட்னியின் கப்டன் குளொசொப் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார். அன்று கொட்டாஞ்சேனை மேட்டில் நின்று பார்த்தவர்களுக்கு இத்தனை பெரிய கூட்டம் ஏன் வாயடைத்து நிற்கிறது என்று விளங்கியிருக்காது. நாம் ஒரு கிரிக்கெட் ஆட்டம் வென்றாலே பக்கத்து வீட்டில் ஜனாஸா இருப்பதை மறந்து வெடி கொளுத்துகிறோம்.

முல்லரை மோல்ற்றாவில் சிறை வைத்தார்கள், பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1917இல் சுரங்கம் தோண்டி வேறு அதிகாரிகளோடு தப்பி ஓடிப் பிடிபட்டார். மலேரியாக் காய்ச்சலால் உடல் கெட்டு, சிகிச்சைக்காக ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்டு, 1918 ஒக்டோபரில்தான் வீடு போய்ச் சேர்ந்தார். இரும்புச் சிலுவைப் பதக்கத்தோடு, 1918இல் ஜேர்மனியின் மிகப் பெரிய வீர விருதான 'பூர் லெ மெரிட்' விருதும் அவருக்குக் கிடைத்தது. யுத்தம் முடிந்ததும் பதிப்பாளர்கள் புத்தகம் எழுதச் சொல்லி வந்திருப்பார்கள் என்று நினைப்பதில் தவறில்லை. அவர் எழுதவேயில்லை. தன் தோழர்களின் இரத்தத்தில் காசு பார்ப்பது போன்ற உணர்வு தன்னை விட்டுப் போகாது என்பது அவர் சொன்ன காரணம். 1923இல் நாற்பத்தொன்பது வயதில் இறந்துபோனார்.

கரையிறங்கிய ஐம்பது பேர் என்னவானார்கள் என்று கேட்பீர்கள். லெப்டினன்ட் வொன் மூக்கே என்பவரின் தலைமையில் அவர்கள் தீவில் நின்ற ஒரு பழைய பாய்க்கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கப்பலின் பெயர் 'ஆயிஷா'. சுமத்திராவுக்குப் போய், கடலில் வேறு கப்பலுக்கு மாறி, ஆயிஷாவை மூழ்கடித்துவிட்டு, 1915 ஜனவரியில் யெமன் நாட்டின் ஹுதைதாவில் கரையேறினார்கள். அங்கிருந்து செங்கடல் ஓரமாக அரபுப் படகுகளில் வடக்கே வந்து, ஜித்தாவுக்குக் கிட்டப் பாலைவனத்தில் பதவிகளின் முற்றுகையில் மூன்று நாள் அகப்பட்டு, மக்கா ஷரீபின் ஆட்கள் வந்ததால் தப்பி, கடைசியில் ஹிஜாஸ் ரயிலேறி மே மாதத்தில் இஸ்தான்பூல் சேர்ந்தார்கள். மூக்கே இரண்டு புத்தகம் எழுதினார். ஒன்றின் பெயரே 'ஆயிஷா'.

அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு இஃப்கு சம்பவம் நினைவுக்கு வராமலிருக்குமா? கழுத்து மாலை தொலைந்ததால் பின்தங்கிய நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது முனாபிக்குகள் கட்டிவிட்ட அவதூறு, ஒரு மாதம் மதீனாவையே கலக்கியது. நல்லவர்கள் சிலரும் அதில் வாய் வைத்தார்கள். எம்டன் கதையிலும் ஓர் அவதூறு இருக்கிறது. அது நம் நாட்டில் நடந்தது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் உண்மையான காரணம்.

தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சண்டை செய்த போயர் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேரை 1900இலும் அதைத் தொடர்ந்தும் இலங்கைக்குக் கொண்டுவந்து தியத்தலாவை முதலிய இடங்களில் வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் ஆங்கிலேய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். எங்கல்பிரெக்ட் என்பவர் செய்ய மறுத்துவிட்டார். அதனால் சொந்த ஊர் போக முடியாமல் ஹம்பாந்தோட்டையில் தங்கி, யால வனத்தின் முதலாவது வனவிலங்குக் காவலராக வேலை பார்த்தார். யாரோடும் அதிகம் கலவாத தனி மனிதர். 1914இல் எம்டன் நம் கரையைச் சுற்றியபோது, அவர் காட்டு மிருகங்களின் இறைச்சியை எம்டனுக்குக் கொடுத்தார் என்று யாரோ சொன்னார்கள். யாரோ கேட்டார்கள். கேட்டவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொன்னார்கள். ஆங்கிலேயருக்குப் பிடிக்காத ஆள், தனியாகக் காட்டில் இருக்கிறான், கடலும் பக்கத்தில் இருக்கிறது, வேறு சாட்சி எதற்கு? பிடித்துக் கண்டியில் சிறை வைத்தார்கள்.

எம்டன் இலங்கைக் கரையில் எதையும் வாங்கவில்லை. தான் பிடித்த கப்பல்களின் சாமானைத் தின்றுதான் அது வாழ்ந்தது. பழைய எம்டனில் கடமை செய்திருந்த ஜேர்மன் அதிகாரி ஒருவர் பிற்காலத்தில் இலங்கைக்கு வந்தபோது அதைச் சொல்லி எங்கல்பிரெக்ட் குற்றமற்றவர் என்று உறுதிப்படுத்தினார். ஆனால் எங்கல்பிரெக்ட் 1922இலேயே ஹம்பாந்தோட்டையில் இறந்துபோயிருந்தார்.

செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி கட்டளையிடும் வசனமும் அதே சூரா ஹுஜுராத்தில்தான் இருக்கிறது. பட்டப் பெயர், சந்தேகம், துருவி ஆராய்தல், புறம், இத்தனையும் அந்தச் சிறிய சூராவில் அடுத்தடுத்து வருகின்றன. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கறியில் மாவுக் கட்டி ஒன்றைக் கண்டு, பிள்ளை பெறாமலிருக்கப் போட்ட மாத்திரை என்று கதை பரப்பினார்கள். பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அன்று நாம் அநியாயம் செய்யப்பட்டவர்கள். ஆனால் நம் வீட்டு விறாந்தையிலும் கையிலிருக்கும் தொலைபேசியிலும் எத்தனை எங்கல்பிரெக்ட்டுகளை நாம் சிறைக்கு அனுப்பியிருக்கிறோம்? இன்னாரின் மகள், இன்னாரின் மருமகன், இன்ன வீட்டு வேலைக்காரப் பிள்ளை. கலியாணம் பேச வந்தவர்கள் திரும்பிப் போனபின் எந்த அதிகாரி வந்து சாட்சி சொல்வார்?

அந்த மூதாட்டி கதையைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "அப்ப எம்டன் நல்லவன் என்டா சொல்ற மௌலவி?" என்றார். நல்லவன் என்று சொல்ல எனக்கு நாவு வரவில்லை. அவன் சுட்ட குண்டில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். எதிரியாக இருந்தாலும் அவனிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும் உம்மா, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது, இருப்பதை மறைக்கவும் கூடாது என்றேன். அவர் தலையாட்டினார். சம்மதித்தாரா, எழும்பிப் போவதற்காகத் தலையாட்டினாரா தெரியாது.

பையன் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"மௌலவி, பினாங்குப் படகுக்காரனுக்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு தானே. மதறாஸ்ல மௌத்தான ஆக்கள்ட புள்ளையளுக்கிட்ட ஆரு மன்னிப்புக் கேட்ட?"

பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். போய் வுழூ செய்துகொண்டு வா என்று அவனை அனுப்பினேன்.